இடது கீழ் மூலை

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதியது பழக்கதோஷம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. "உன் பேர் வர்ற எந்தத் திரையையும் இனிமே தொடமாட்டேன், ஏதாவது சொல்லணும்னா காகிதத்துல எழுது" என்று என் வீட்டு வாசலில் நின்று சபதம் போட்டுவிட்டுப் போனீர்கள். எதிர்வீட்டுக்காரர் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. ஆகவே காகிதம். திரை வடிவமைத்துச் சோறு சாப்பிடுகிறவன் இந்த வயதில் தபால்தலைக்குப் பசை தேடி அலைகிறேன்.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் கம்பெனிக்காக டிரைவருக்கு முன்னால் வைக்கிற அகலத் திரையை வரைந்தது நான். ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து, திரையைப் பார்த்து, திரும்ப ரோட்டுக்குப் போகிற அந்த இமைப்பொழுதில் விஷயம் புரிந்தாக வேண்டும். வெயிலில் வெளுத்துப் போகக் கூடாது. இருட்டில் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. கதவு பஸ்ஸின் இடது பக்கம் என்பதால் 'கதவு திறந்திருக்கிறது' விளக்கைத் திரையின் இடது கீழ் மூலையில் வைத்தேன். மனம் எந்தப் பக்கம் கதவைத் தேடுமோ, கண்ணும் அந்தப் பக்கம்தானே போகும். உங்களுக்கு முன்னால் மற்ற டிரைவர்கள் எங்கள் ஆபீஸில் பஸ் போலவே போட்டிருந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். விளக்கு எரிந்த மாத்திரத்தில் அத்தனை பேரும் கண்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குப் பெருமை பிடித்தது. பஸ் கம்பெனிப் பெரியவர்கள் வருகிற நாளில் நம்ம ஆள் ஒருவர் ஓட்டிக் காட்டட்டும் என்று உங்களை ஊரிலிருந்து வரவழைத்தேன். "என் அக்கா வீட்டுக்காரர் சார். டெப்போவுல இவருக்குப் பேரே நிதானம். கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவாரு" என்று எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்டேன்.

நீங்கள் உட்கார்ந்தீர்கள். எதிர்ச் சுவரில் ரோட்டுப் படம் ஓடியது. நிறுத்தத்தில் நின்றீர்கள். கதவு திறந்தது, மூலையில் விளக்கு எரிந்தது, ஒரு பொம்மைப் பயணி படியில் கால் வைத்தார். நீங்கள் வண்டியை எடுத்துவிட்டீர்கள். பொம்மை போய்ச் சேர்ந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு. எங்கள் மேலாளரின் முகத்தில் எந்நேரமும் சிரிப்பு இருக்கும் என்பதால் அவரை நாங்கள் 'புன்னகை' என்போம்; அந்தப் புன்னகை அன்றுதான் முதல்முறையாக அணைந்தது. நீங்களோ, "எங்கய்யா விளக்கு? இதை வரைஞ்சவன் பஸ்ல ஏறினதே இல்ல போல" என்றீர்கள். வரைந்தவன் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது விளக்கை வலது பக்கம் மாற்று, பெரிதாக்கு, கூடவே ஒரு சங்கும் ஊது என்று உத்தரவு. ஒரே ஒரு கேள்வி. வேண்டுமென்றே செய்தீர்களா? போன வருஷம் நான் உங்கள் மீசையைக் கிண்டல் செய்ததற்குப் பழியா? ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மனசு ஆறிவிடும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உங்கள் பின்னால் ஓடினாள். அந்தத் தட்டை நான்தான் கழுவினேன்.

இப்படிக்கு,
பீற்றிக்கொண்டவன்

•

மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. உன் அக்கா ஒட்டுக் கேட்பது போல் பக்கத்திலேயே நின்றாள். ஆகவே பாதியைச் சத்தமாகப் படித்தேன். மீசை விஷயத்தை விட்டுவிட்டேன்.

வேண்டுமென்றே செய்ததாக எழுதியிருக்கிறாய். ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து ஒரு கோழியைக்கூட ஏற்றியவன் இல்லை நான். பத்துப் பெரிய மனிதர்கள் முன்னால், பொம்மையாகவே இருக்கட்டும், ஓர் ஆளைத் தள்ளிவிட்டுப் போனவன் என்று பெயர் வாங்குவேனா? உன் திரையில் விளக்கு இல்லை. இருந்திருந்தால் பார்த்திருப்பேன். அவ்வளவுதான்.

கண்ணுக்கு இதம் இதம் என்கிறாயே, முதலில் உன் கையெழுத்தைக் கண்ணுக்கு இதமாக்கு. ஒரு வரி முடிந்து அடுத்த வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. மூன்று இடத்தில் படித்த வரியையே திரும்பப் படித்தேன். எல்லாம் நீ வடிவமைத்த லட்சணம்.

காலம் ரொம்பக் கெட்டுவிட்டது, அதையும் தெரிந்துகொள். சைக்கிள்காரன் இடது பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து முளைத்த மாதிரி வந்து நிற்கிறான். ஹாரன் கிடையாது, கை காட்டுவது கிடையாது. போன வாரம் எவனோ லாரியை ஓரத்தில் கோணலாக நிறுத்திவிட்டுப் போனதில் என் இடது பக்கக் கண்ணாடி தெறித்துவிட்டது. டெப்போ மேலாளர் என்னைப் பார்த்து, "நிதானம், உங்களுக்கா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டிலும் அதே கதை. உன் அக்கா தண்ணீர்ச் சொம்பைக் கண்ட இடத்தில் வைக்கிறாள், நான் தட்டிவிடுகிறேன், பிறகு "தம்பி மேல இருக்கிற கோபத்த என் சொம்பு மேல காட்டாதீங்க" என்கிறாள். குடும்பமே சேர்ந்து ஒருவனைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுது. அதுவரை இந்த வீட்டுப் பக்கம் வராதே.

மச்சான்

•

மார்ச் 19

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். எழுதுகிறவனும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் நான் கெட்ட எண்ணத்தோடு ஒரு காரியம் செய்தேன். அன்று திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்ததே, ஓட்டுகிறவரின் கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்கிற கருவி என்று சொன்னேனே, "மூக்க சொறிஞ்சா அதுவும் பதியுமா?" என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள். அந்தப் பதிவை எடுத்து, நீங்கள் விளக்கைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நடித்ததை நிரூபித்து, அச்செடுத்து, சட்டம் போட்டு உங்களுக்கே அனுப்புவது என் திட்டம். கடைக்காரரிடம் சட்டத்துக்கு விலைகூட விசாரித்துவிட்டேன்.

கண் நின்ற இடம் அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும். கடந்து போன இடம் மஞ்சள். போகாத இடம் கறுப்பு. மற்ற டிரைவர்களின் படங்களில் திரை முழுக்க ஏதோ ஒரு நிறம் இருக்கிறது. இடது கீழ் மூலையில் நல்ல சிவப்பு.

உங்கள் படத்தில் அந்த மூலை எலி தின்ற காகிதம் மாதிரி இருக்கிறது. கறுப்பு. கதவு விளக்கு எரிந்தபோது மட்டுமில்லை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும்.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நானே உட்கார்ந்து பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஆபீஸ் காவலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் பாதிநேரம் தூங்கினார், அப்படியும் அந்த மூலை மஞ்சளாக வந்தது.

மச்சான், இது என் தொழில். பார்க்காத மாதிரி நடிக்கிறவனின் கண் அந்த இடத்தை ஒரு தடவையாவது திருட்டுத்தனமாகத் தொட்டுவிட்டுத்தான் விலகும். எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவாவது பார்த்தாக வேண்டும். உங்கள் கண் தொடவேயில்லை. "எங்கய்யா விளக்கு?" என்று கேட்டபோது தேடினீர்கள். நடுவில் தேடினீர்கள், மேலே தேடினீர்கள், வலது ஓரம்வரை போய்த் தேடினீர்கள். திரைக்கு அப்படி ஒரு மூலை இருப்பதாகவே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். மண்ணிலிருந்து முளைத்த சைக்கிள். இடது பக்கக் கண்ணாடி. சொம்பு. எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வரி. முதல்முறை அதையெல்லாம் படித்துச் சிரித்தவன் நான். ஆபீஸில் ரெண்டு பேருக்குப் படித்துக் காட்டி அவர்களையும் சிரிக்க வைத்தேன்.

டாக்டரைப் பாருங்கள். பார்க்கிறவரைக்கும் பஸ்ஸை எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று நான் சொன்ன வாயைத் தைத்துக்கொள்கிறேன்.

உங்கள்,
மாப்பிள்ளை

(தாளின் அடியில், இடது மூலையில், வேறாக:)
இந்த மூலையைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் நான் எழுதியதெல்லாம் உளறல். பதிலில் என்னைக் கழுதை என்று திட்டுங்கள். அடுத்த பஸ் பிடித்து வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

•

மார்ச் 26

மாப்பிள்ளைக்கு,

நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய்? வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையே.

உன்னைத் திட்டப்போவதில்லை. திட்டினால் உனக்குச் சந்தோஷம், அதைப் போய் ஆபீஸில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவாய். இந்தக் கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது, தேடிப் பார்த்துக்கொள்.

டெப்போவில் கண் பரிசோதனை நடக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே தொங்கும் அட்டையைப் படிக்க வேண்டும். கடைசி வரிவரைக்கும் படித்தேன். அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். பரிசோதிக்கிற அம்மா "போதும் சார்" என்றார். என் கண்ணில் ஒன்றும் இல்லை. உன் பட்டையில்தான் கோளாறு. உன் திரை தோற்றுப்போனது, அந்தத் தோல்வியை என் தலையில் கட்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய். உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணத்தன்று என் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்த பயல் நீ.

நீ சொல்வது என்ன என்று உனக்குப் புரிகிறதா? பஸ் ஓட்டாதவன் டெப்போவில் என்ன செய்வான்? கேட்டைத் திறந்து மூடுவான். நேற்றுவரை நான் கற்றுக்கொடுத்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு வருவான், நான் சங்கிலியை இறக்கி விட வேண்டும். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். வேறு எதிலும் என்னை யாரும் நிதானம் என்று கூப்பிட்டதில்லை. உன் அக்காவைக் கேட்டுப் பார்.

நேற்று சந்தை நிறுத்தத்தில் ஓர் அம்மா இறங்கும்போது பை கதவில் மாட்டிக்கொண்டது. கண்டக்டர் தகரத்தை அடித்துக் கத்தினார், நிறுத்திவிட்டேன். நாலு எட்டு கூடவே ஓடி வந்ததோடு சரி, விழவில்லை. எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதான். நீ எதையாவது கற்பனை செய்துகொள்வாய் என்றுதான் நானே சொல்லிவிடுகிறேன், மறைக்க என்னிடம் எதுவுமில்லை.

இதை உன் அக்காவிடம் மூச்சு விடாதே. டெப்போவுக்கு எழுதினாய் என்றால் அவளுக்குத் தம்பி இல்லை, எனக்கு மாப்பிள்ளை இல்லை.

மச்சான்

•

மார்ச் 30

மச்சானுக்கு,

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். ஆகவே சுருக்கமாக.

என் போன கடிதத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். எடுங்கள். மேசையில் விரித்து வையுங்கள். கடைசிப் பக்கம், என் கையெழுத்துக்குக் கீழே, இடது மூலை. தலையையே திருப்பிப் பாருங்கள்.

பார்த்தீர்களா.

நீங்கள் என்னைத் திட்டுவதற்குக் கிடைத்த வாய்ப்பை ஒருநாளும் விட்டதில்லை. என் கல்யாண மேடையிலேயே திட்டினீர்கள். திட்டச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தும் உங்களிடமிருந்து திட்டே இல்லாமல் ஒரு கடிதம் வந்தது. 'கழுதை' எங்காவது இருக்காதா என்று திருப்பித் திருப்பித் தேடினேன். தாளின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக வாழ்க்கையில் இப்படி ஏங்கியதில்லை.

அந்த அம்மா நாலு எட்டு ஓடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது எட்டு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் சுவரில் பார்த்தேன்.

அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். அவள் போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சொம்ப நான் எப்பவும் ஒரே இடத்துலதாண்டா வைக்கிறேன்" என்றாள். அவருடைய ரெண்டு காக்கிச் சட்டையையும் வாளியில் ஊறப்போட்டுவிடுகிறேன், ஈரச்சட்டையோடு மனுஷன் டியூட்டிக்குப் போகமாட்டார் என்றாள். இன்று காலை நீங்கள் சட்டையைக் காணாமல் வீட்டில் கத்திக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான்.

நாளை இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும். நாளை மறுநாள் காலை நான் அந்தப் படங்களோடு உங்கள் டெப்போ கேட்டில் நிற்பேன். நீங்களாகவே எனக்கு முன்னால் போய்ச் சொல்லியிருந்தால், நான் கேட்டோடு திரும்பிவிடுவேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

மாப்பிள்ளை

•

ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நீ அன்று கேட்டில் நின்றதையும், நான் முந்தின நாளே டெப்போ மேலாளரிடம் சொல்லிவிட்டதை உள்ளே விசாரித்துத் தெரிந்துகொண்டு அப்படியே திரும்பிப் போனதையும் காவல்காரர் சொன்னார். தலை நரைத்த ஓர் ஆள், கையில் ஒரு உறை, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார் என்றார். தூசி விழுந்திருக்கும் என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

நீ சொன்னபடி உன் கடிதத்தை மேசையில் விரித்தேன். பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் தாள். "பாரு, உன் தம்பி பேத்துறான்" என்றேன். உன் அக்கா என் தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள். அங்கே எழுத்து இருந்தது. அப்போதுதான் யாரோ எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் தாடையை விடுவித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன், போய்விட்டது. திருப்பினால் வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெள்ளைத் திரை. நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றிலும் எங்காவது சிறு வெளிச்சம் வந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். வந்தது, அழுத்தினேன். வந்தது, அழுத்தினேன். பிறகு நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். யந்திரத்துக்கும் ஓய்வு வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில், யந்திரத்தை ஓட்டிய பெண்ணிடம், "என்னம்மா, நின்னு போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஓடிக்கிட்டுதான் இருக்கு."

மாப்பிள்ளை, நான் எத்தனையோ பிரேக் பிடித்திருக்கிறேன். அந்தப் பெண் சொன்ன அந்த வார்த்தையில் என் உடம்பு முன்னால் போய் முட்டிய மாதிரி எந்த பிரேக்கிலும் முட்டியதில்லை.

கண்ணில் ஒன்றும் இல்லையாம். அதில் மட்டும் நான் சொன்னதுதான் சரி, குறித்துக்கொள். மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வலியில்லை, மயக்கமில்லை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இருட்டாகத் தெரிந்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். இருட்டும் தெரியாதாம். இல்லாத இடத்தை மூளையே ஏதோ போட்டு நிரப்பிக்கொள்ளுமாம். அடுத்த அடைப்பு பெரிதாக வந்திருக்கும், நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பஸ் இனிமேல் இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

சந்தை நிறுத்தத்துக்குப் பயணியாகப் போனேன். அந்த அம்மாவைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போய் இறங்கிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் பை மாட்டியிருக்காது. இறங்குகிற அம்மாக்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "யாருக்கு வெயிட் பண்றீங்க?" என்றார்.

டெப்போ மேலாளர் நல்ல மனுஷர். கேட்டில் போடவில்லை. எந்த வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்கிற அறையில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார். முன்னால் திரை. பஸ்ஸெல்லாம் பச்சை எறும்பு மாதிரி ஊர்கிறது, பின்னால் வெள்ளை, மேலே மஞ்சள் எழுத்து. ஒரு மணி நேரத்தில் தலைவலி. அதை வரைந்தவன் உன்னைவிட மோசம். இது பாராட்டு, வைத்துக்கொள். நாற்காலியைச் சற்று இடது பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். முழுத் திரையும் இப்போது என் வலது பக்கம் இருக்கிறது.

ஒரு விஷயம், அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். உங்கள் புன்னகை சொன்னார் என்று அந்தக் கதவு விளக்கை வலது பக்கம் மாற்றிவிடாதே. நான் திட்டினேன் என்றும் மாற்றாதே. அதை வலது பக்கம் வைத்திருந்தாயானால் அன்று நான் பார்த்திருப்பேன். பெரியவர்கள் கை தட்டியிருப்பார்கள், உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டிருப்பேன், மறுநாள் காலை வண்டியை எடுத்திருப்பேன். விளக்கு சரியாகத்தான் எரிந்தது. கதவு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். வேண்டுமானால் அந்தப் பெரியவர்களிடம் நான் வந்து சொல்கிறேன்.

உன் அக்கா சொம்பை இப்போது வலது பக்கம் வைக்கிறாள். நேற்று அவளே கைதவறித் தட்டிவிட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். துடைத்தது நான்.

மச்சான்

(தாளின் அடியில், இடது மூலையில், கோணலான எழுத்தில்:)
கழுதை. அடுத்த பஸ் பிடித்து வா.